கொய்யாமரத்தடியில் விழுந்த அம்பு

எங்கள் வீட்டு மாடி அறையில் குடியிருந்தவனின் பெயர் பாஸ்போர்ட்டில் ஒரு முழம் நீளும். அதில் ‘குவாகு’ என்ற துண்டு மட்டும்தான் என் மாமியார் பூவாயியின் வாயில் நுழைந்தது. அதையும் ஒரே வாரத்தில் அவர் ‘குகன்’ ஆக்கிவிட்டார். ஆப்பிரிக்காவில் டோகோ என்ற சின்ன நாட்டுக்காரன். பொத்தேரியில் சிவில் என்ஜினியரிங் கடைசி வருடம். தமிழை என் மாமியாரிடம் கற்றுக்கொண்டதால், காலேஜில் வெளியூர்ப் பிள்ளைகளுக்கு அவன் பேசும் தமிழ் புரியாதாம். “இன்னாக்கா, நாஸ்தா ஆச்சா?” என்று கேட்டுக்கொண்டே படியிறங்குவான். குரலை மட்டும் கேட்பவர்கள் பக்கத்துத் தெருப் பையன் என்றுதான் நினைப்பார்கள்.

சாயங்காலமானால் மொட்டைமாடியில் நடக்க ஆரம்பித்துவிடுவான். இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடை. கீழே சமையலறையில் என் தலைக்குமேல் அந்தக் காலடி கேட்டுக்கொண்டே இருக்கும். முதலில் எரிச்சலாக வந்தது. போகப்போக, எனக்குப் பதிலாக யாரோ நடக்கிறார்கள் என்று தோன்றியது. எனக்கும் அப்போது கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை.

என் விஷயம் ரொம்பச் சாதாரணமானது. எனக்கு வேலை மாமல்லபுரத்தில், கற்சிலைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஓர் ஆபீசில். என் வீட்டுக்காரர் கார்த்திக்குக் கல்பாக்கத்தில் கான்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன் வேலை. குடியிருப்பதோ பொத்தேரியில். தினமும் ரயிலைப் பிடித்துச் செங்கல்பட்டு, அங்கிருந்து பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் வழியாகக் கடற்கரை. பகலெல்லாம் ஆபீசுக்கு வெளியே உளிச் சத்தம், வீட்டுக்கு வந்தால் காதுக்குள் அதே சத்தம். புதுப்பட்டினத்தில் ஒரு வீடு எடுத்தால் இரண்டு பேருக்குமே வேலை பக்கம். இதைப் புரிந்துகொள்ள என்ஜினியரிங் படித்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் கார்த்தி ஒரே பிள்ளை. தனிக்குடித்தனம் என்ற வார்த்தையை எங்கள் தெருவில் யாரும் சத்தமாகச் சொல்லமாட்டார்கள். சொன்னால் ‘அவ புருசனைப் பிரிச்சிகினு பூட்டா’ என்று முடித்துவிடுவார்கள். கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்கும்போதெல்லாம் கார்த்தி ஒரே பதிலைத்தான் சொன்னார்.

“எனக்கு மட்டும் ஆசையில்லையா ரேணு? அம்மாதான் வுடமாட்டாங்க. நான் கேட்டுப் பாத்துட்டேன்.”

அதனால் நான் மாமியாரிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டேன். குழம்பு நன்றாக இருந்தாலும் நன்றாக இருக்கிறது என்று சொல்லமாட்டேன். பாத்திரத்தைக் கழுவினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். எனக்குக் கோபம் வந்தால் கை பேசும்.

இந்த நிலைமையில்தான் குகன் எங்கள் கொல்லையில் வீடு கட்டினான்.

காலேஜ் ப்ராஜெக்ட். பொத்தேரி ஏரியிலிருந்து சாக்கில் வண்டல் மண் கொண்டுவந்தான். வைக்கோல் வெட்டிப்போட்டு, சாணம் கலந்து, காலால் மிதித்துக் குழைத்தான். கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு குட்டிக்கோட்டை எழுந்தது. சுற்றிலும் உருண்டையான கோபுரங்கள், அவற்றுக்குக் கூம்பாக வைக்கோல் தொப்பி, நடுவில் தட்டையான மாடி. அவனுடைய ஜனங்களுக்குத் தம்மாரி என்று பேர். அவர்கள் எல்லோரும் இந்த மாதிரி வீட்டில்தான் இருப்பார்களாம். வீட்டுக்கு அவர்கள் மொழியில் தகியெந்தா.

“கீய மாடு, ஆடு, கோழி. அப்பறம் எங்க தாத்தா, அவரோட தாத்தா, செத்தவங்க எல்லாம் அங்கதான் இருப்பாங்க. மேல நாங்க படுப்போம். இந்த கோபுரத்துல தானியம்” என்று விளக்கினான்.

என் மாமனார் அப்பாசாமி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றிவந்தார். அச்சரப்பாக்கம் பக்கம் நிலம் வைத்திருந்த மனிதர், மண்ணைத் தொட்டுப் பார்த்தே எடைபோடுவார். “இன்னாடா குகா, வாசல மேக்கால வெச்சிக்கீற? கெழக்கால வெய்யிடா” என்றார்.

“இல்ல நைனா. சூரியனோட வூடு மேக்குலதான் கீது. அவுரு வூட்டப் பாத்துதான் எங்க வாசல்.”

“இது வாயி” என்று அந்த வாசலைத் தொட்டுக் காட்டினான். சுவரில் இருந்த சின்ன ஓட்டைகள் கண்கள். வீடும் ஓர் ஆள்தானாம். வாசல் தாழ்வாக இருப்பதால் யார் போனாலும் குனிந்துதான் போகவேண்டும். ஆண்கள் சுவரை எழுப்பினால் பெண்கள் பூசுவார்கள். ஈரப் பூச்சின்மேல் விரலால் கோடு கோடாக இழுப்பார்கள். அவன் கன்னத்திலும் நெற்றியிலும் மெல்லிய கீறல் வரிகள் உண்டு. ரயிலில் எல்லோரும் அதைத்தான் முறைத்துப் பார்ப்பார்கள். சின்ன வயதில் போட்டது என்றான். வீட்டுக்கும் அதே வரிகள்தான்.

மாமியார் தன் முன்கையை நீட்டினார். பச்சை குத்திய கோலம், வெளுத்துப்போய், சுருக்கத்துக்குள் மடங்கிக் கிடந்தது. குகன் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “அம்மா, நீங்களும் வூடுதான்” என்றான். அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். மாமியார் வெட்கப்பட்டு அன்றுதான் நான் பார்த்தேன்.

மறுநாள் எங்கள் சிவப்புக் கோழி அந்த மண் வீட்டுக்குள் புகுந்து முட்டை வைத்துவிட்டது. நாங்கள் பதறினோம். குகன் துள்ளிக் குதித்தான். கீழ்த்தளத்தில் கோழி வந்துவிட்டால் வீட்டுக்கு உயிர் வந்துவிட்டதாம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. என் பக்கத்து மேஜைக்காரி ஹனியாவின் பெரியப்பா ஜலாலுதீனுக்குப் புதுப்பட்டினத்தில் வீடு. அந்த வீட்டு மாடி காலியாகிவிட்டது. திங்கட்கிழமைக்குள் நான் பதில் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். காலையிலிருந்து கார்த்தியைக் கண்ணாலேயே குத்திக்கொண்டிருந்தேன். அவர் டி.வி. ரிமோட்டைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். கொல்லையில் எல்லோரும் உட்கார்ந்து டீ குடிக்கும்போது பொறுக்கமுடியாமல் நானே ஆரம்பித்தேன்.

“மாமா, நாங்க புதுப்பட்டினத்துல வூடு பாக்கலாம்னு கீறோம்.”

மாமனார் டம்ளரைக் கீழே வைத்தார். மாமியார் முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. கார்த்திக்கு அப்போதுதான் புரை ஏறியது. மாமனார் என்னிடம் பேசாமல், துணைக்கு ஆள் தேடுவதுபோல் குகனைப் பார்த்தார்.

“ஏன்டா குகா, உங்க ஊர்ல புள்ளைங்க கண்ணாலம் ஆனதும் அப்பன் ஆத்தாள வுட்டுட்டுப் பூடுவாங்களா?”

“போவாங்களே” என்றான் குகன். மாமனாரின் முகம் விழுந்துவிட்டது. “அப்பா வூட்டு வாசல்ல நின்னுகினு அம்பு வுடணும். அது எங்க விழுதோ அங்க புது வூடு. அந்தத் தூரம் சரியான தூரம். ரொம்பப் பக்கத்துல இருந்தா சண்ட. ரொம்பத் தூரத்துல இருந்தா, கூப்ட்டா கேக்காது.”

மாமனார் தொடையைத் தட்டிச் சிரித்தார். “அவ்ளோதானே? எம்புள்ளயும் வுடட்டும். எடு அம்ப!”

அவருக்கு அது விளையாட்டு. எனக்கு அப்படி இல்லை. கொல்லைப்புற வேலிக்கு அந்தப் பக்கம் வெறும் பொட்டல், யாரோ மனை போட்டு நம்பர் கல் நட்டுவிட்டுப் போன இடம். அதன் நடுவில் ஒரு புளியமரம். கார்த்தி பள்ளிக்கூடத்தில் ஈட்டி எறிந்து மாவட்ட அளவில் கப் வாங்கியவர், அந்தக் கப் இன்னமும் எங்கள் டி.வி. மேல் நிற்கிறது. அந்தத் தோளுக்குப் புளியமரம் ஒரு பொருட்டே இல்லை.

“சரி மாமா” என்றேன். “புளியமரத்தைத் தாண்டி விழுந்தா நாங்க புதுப்பட்டினம் போறோம். யாரும் ஒண்ணும் சொல்லக்கூடாது. மரத்துக்கு இந்தப் பக்கம் விழுந்தா நான் வாயே தொறக்கமாட்டேன். கடைசிவரைக்கும் இங்கியே கீறேன்.”

மாமனாரின் சிரிப்பு நின்றது. கார்த்தி, “இன்னா ரேணு இது, சின்னப் புள்ளயாட்டம்” என்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

குகன் மூங்கிலை வளைத்து நைலான் கயிறு கட்டினான். தென்னை ஈர்க்குகளைச் சேர்த்துக் கட்டி, முனையில் ஆணி செருகி ஓர் அம்பு செய்தான். அது ஒழுங்காகப் பறக்குமா என்று இரண்டு முறை விட்டுப் பார்த்தான். இரண்டு முறையும் புளியமரத்துக்கு அப்பால் போய் விழுந்தது. ஓடிப்போய் எடுத்து வந்தான். எனக்கு உயிர் வந்தது.

கொல்லைக் கதவு வாசலில் கார்த்தி நின்றார். வில்லை வாங்கி நாணைத் தொட்டுப் பார்த்தார். முதலில் அவருடைய அம்மாவையும் பிறகு என்னையும் பார்த்தார். நாணை இழுத்தார். நான் அவருடைய முழங்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மடங்கவே இல்லை. ஒரு சாண்கூட இழுக்காமல் விட்டுவிட்டார்.

அம்பு எழும்பியது என்றுகூடச் சொல்லமுடியாது. எங்கள் வேலிக்கு உள்ளேயே, கொய்யாமரத்தடியில் போய்ப் பொத்தென்று படுத்தது. சிவப்புக் கோழி மட்டும் கத்திக்கொண்டு ஓடியது.

அந்த நேரம் பார்த்துக் குகனுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. ஓடிப்போய்க் கார்த்தியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

“அண்ணாத்த! நீங்கதான் வூட்டோட புள்ள!”

“இன்னாடா?” என்றார் கார்த்தி.

“எங்க ஊர்ல எல்லாப் புள்ளயும் அம்பு வுட்டுட்டுப் போவாது. ஒரு புள்ள அப்பா வூட்லயே இருக்கணும். கீய கீற தாத்தாங்களப் பாத்துக்கணும். அவன் வேணும்னே அம்ப வாசலாண்ட போடுவான். வெக்கமே இல்ல, அது பெரிய மரியாத. நீங்க வேணும்னுதானே போட்டீங்க?”

அவன் வாழ்த்துத்தான் சொன்னான். ஆனால் அந்தக் கேள்வி அங்கேயே நின்றுவிட்டது. கார்த்தியின் காது சிவந்தது.

“கை நழுவிடுச்சி” என்றார்.

மாமியார் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். “டேய், ஈட்டி எறிஞ்ச கைடா அது. நழுவிடுச்சா?”

“இல்லம்மா, நாங்க தனியாப் போறதுக்கு நீதான் ஒத்துக்கமாட்டியேன்னு...”

“நானா?” மாமியாரின் குரல் உயர்ந்தது. “நீ எப்பக் கேட்ட? எப்பக் கேட்டு நான் எப்ப மாட்டேன்னு சொன்னேன்? சொல்றா!”

கார்த்தி வில்லைச் சுவரில் சாத்தினார். தரையைப் பார்த்தார். அவர் கேட்டதே இல்லை. ஒருமுறைகூட. அது என் மண்டைக்குள் இறங்க ஒரு நிமிடம் ஆனது. மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஏன் இத்தனை நாள் பாத்திரத்தைப் போட்டு உடைத்தேன் என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியிருக்கவேண்டும். எனக்கு அழுகையும் வந்தது, வில்லை எடுத்து அவர் பிள்ளையின் தலையில் போடவேண்டும் என்ற வெறியும் வந்தது. இரண்டையும் செய்யவில்லை. சொன்ன வார்த்தைப்படி வாயை மூடிக்கொண்டு கொய்யாமரத்தடிக்குப் போய் அம்பை எடுத்துக்கொண்டேன். விட்டவர் எடுக்க வரவில்லை.

திங்கட்கிழமை காலை கார்த்தி எனக்கு முன்னாலேயே ஸ்டாஃப் பஸ் பிடிக்கக் கிளம்பிப்போய்விட்டார். நான் கைப்பையில் அம்பைச் சொருகிக்கொண்டேன். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. குகன் ஸ்டேஷன்வரை கூடவே வந்தான். அவன் முகம் சரியில்லை.

“அக்கா, நான் தப்பா பேசிட்டேனா?”

“நீ சரியாத்தான் பேசுன. எனக்குத்தான் நேத்து வரைக்கும் தெரியல.”

வழியில் கிடந்த ஒரு கல்லைக் காலால் தள்ளினான். பிறகு சொன்னான். “எங்க வூட்ல நான்தான் வூட்டோட புள்ள. எங்க அப்பா சொல்லிட்டாரு. மழைல ஒரு கோபுரம் வியுந்துடுச்சி. வந்து கட்டுன்னு ஒவ்வொரு வாரமும் போன் பண்றாரு. நான் பரீட்ச, பரீட்சன்னு சொல்லிகினே கீறேன். எனக்கு மெட்ராஸ்லயே வேல பாக்கணும்னு ஆச. கார்த்தி அண்ணாத்த அம்ப வாசலாண்ட போட்டதும், அவுருக்கு அதுக்கு மனசு இருக்குதேன்னு எனக்குப் பொறாமையா பூட்ச்சி.”

“அவருக்கு மனசெல்லாம் இல்ல குகா. பயம்.”

“எனக்கும் அதேதான் அக்கா. எனக்கு வூட்டுக்குப் போவ பயம். அவருக்கு வூட்ட வுட்டு வர பயம்.”

இதற்காகத்தான் அவன் மாடியில் அப்படி நடந்தானா என்று கேட்க நினைத்தேன். ரயில் வரும் சத்தம் கேட்டது. வேறொன்று கேட்டேன். “உங்க ஊர்ல பொம்பள அம்பு வுடலாமா?”

அவன் யோசித்தான். பொய் சொல்ல வராது அவனுக்கு. “வுடமாட்டாங்க. ஆனா பொம்பள பூசாத வூட்ட மழை தின்னுடும். ஆம்பள அம்ப மட்டும் வெச்சிகினு இன்னா பண்றது?”

வேலை முடிந்ததும் நான் செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறவில்லை. எதிர்ப்பக்கம் நின்று புதுப்பட்டினம் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர், “இன்னாம்மா, அம்புக்கு டிக்கெட் வாங்கலயா?” என்றார். சிரிக்கும் நிலையில் நான் இல்லை. ஜன்னலுக்கு வெளியே சவுக்கும் உப்புக்காற்றும் ஓடின. இறங்கிவிடலாமா என்று இரண்டு நிறுத்தத்தில் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். புருஷன் இல்லாமல் வீடு பார்க்கப் போகிறவளை ஜலாலுதீன் பாய் என்ன நினைப்பார்? அவர் ஒன்றும் நினைக்கவில்லை. அம்பை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார், சாவியைக் கொடுத்தார். “ஹனியா சொல்லிச்சிம்மா. நல்லாப் பாத்துக்க. கடல் காத்துக்குக் கதவு கொஞ்சம் முறுக்கும்.”

இரண்டு அறை, ஒரு சமையலறை. வாசல் மேற்குப் பார்த்து இருந்தது. வெளியே முன்னால் இருந்தவர்கள் விட்டுப்போன ஒரு துளசித் தொட்டி, மண் மட்டும் மிச்சம். அதில் அம்பை நட்டேன். காலி வீட்டின் நடுவில் போய் நின்றேன். தனியாக இருக்கவா இத்தனை ஆட்டம் போட்டாய் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். உட்கார முடியவில்லை. இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தேன், குகன் நடந்த மாதிரியே.

போன் அடித்தது. கார்த்தி.

“எங்க கீற?”

“அம்பு விழுந்த எடத்துல.”

“அது கொய்யாமரத்தாண்டதானே விழுந்துச்சி?”

“அது நீங்க போட்டது. நான் எடுத்துகினு வந்துட்டேன். இப்ப புதுப்பட்டினத்துல கீது.”

அவர் அடுத்த கேள்வி கேட்பதற்குள் நானே சொன்னேன். “உங்களுக்கு அங்க இருக்கத்தான் ஆசைன்னா அத எங்கிட்ட சொல்லியிருக்கணும். வூட்டோட புள்ளயா இருக்கறது தப்பில்ல. உங்க அம்மா மேல பழிய போட்டீங்க பாருங்க, அதுதான் தப்பு. உங்களால நான் அவங்ககூட ஒரு வார்த்த ஒயுங்கா பேசல.” இதற்குமேல் பேசினால் அழுதுவிடுவேன் என்று வைத்துவிட்டேன்.

இருட்டி, பள்ளிவாசலில் ராத்திரிப் பாங்கு சொல்லி முடித்த நேரம். தெருவில் யாரோ ஊரே கேட்கும்படி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

“ஏம்மே ரேணூ! எந்த வூடு?”

எட்டிப் பார்த்தேன். மாமியார். ஒரு கையில் பித்தளைச் சொம்பு, இன்னொரு கையில் பால் பாக்கெட். பின்னால் கார்த்தி, வேலை உடுப்போடு, தோளில் பர்னர் மாட்டிய சின்ன சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு. மாமியார் மூச்சு வாங்கிக்கொண்டு படியேறினார்.

“அத்த, எப்படி வந்தீங்க?”

“பஸ்ஸுதான். இவன் போன்ல சொன்னான், குகன் ஏத்திவுட்டான். இவனைக் கல்பாக்கத்துல எறங்கிப் புடிச்சேன்.” சொம்பைத் தரையில் வைத்தார். “கூப்ட்டா கேக்கணுமாமே. அங்கேர்ந்து கூப்ட்டா உனக்கு எங்க கேக்கும்? அதான் வந்து கூப்ட்டேன்.”

நான் அப்படியே அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பச்சைக் கோலத்தின்மேல் என் கண்ணீர் விழுந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. “பால் காச்சாம யாராவது வூட்டுக்குள்ள நிப்பாங்களா? அறிவு கீதா ஒனக்கு?” என்று திட்டினார்.

“மாமா இன்னா சொன்னாரு?”

“கொய்யாமரத்தாண்ட உக்காந்துகினு கீறாரு. சோறு ஆக்கி வெச்சிட்டுத்தான் வந்தேன். தின்னுவாரு.”

அடுப்பைப் பற்றவைத்தோம். பால் சூடேறிக்கொண்டிருந்தது. கார்த்தி மட்டும் வாசலுக்கு வெளியிலேயே நின்றார். தொட்டியிலிருந்து அம்பைப் பிடுங்கி, இந்தக் கையிலும் அந்தக் கையிலும் மாற்றி மாற்றிப் பிடித்தார்.

“நான் அம்மாவாண்ட சொல்லிட்டேன் ரேணு” என்றார். “அவங்க கேக்கல, நானேதான் சொன்னேன். எனக்குத்தான் பயம்னு.”

நான் அடுப்பின் தீயைக் குறைத்தேன். கோபம் அவ்வளவு சீக்கிரம் இறங்கும் சாதி இல்லை நான்.

“இத இன்னா பண்றது?” என்று அம்பை நீட்டினார்.

“அங்கியே நட்டு வையுங்க. அடுத்த தடவ வுடும்போது முழுசா இழுங்க. எந்தப் பக்கமா இருந்தாலும் சரி.”

அம்பை மறுபடியும் மண்ணில் ஊன்றினார். அந்த வாசல் அவரைவிட ஒரு முழம் உயரம். ஆனாலும் அவர் தலையைக் குனிந்துகொண்டுதான் உள்ளே வந்தார். உள்ளே மாமியார், “பொங்குது, பொங்குது, வா!” என்று கத்தினார்.